டீச்சர் பெண் அழக்கூடாது

ஏற்காடு, கொல்லிமலை, தரங்கம்பாடி என்று பயணக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவள் எண்ணூருக்கு எதற்குப் போனாள் என்று கேட்பீர்கள். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரக்குப்பம் போனேன். சரியாகச் சொன்னால் அம்மா போனாள், பை தூக்க நான் கூடப் போனேன்.

அம்மா அந்தக் குப்பத்து அங்கன்வாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருஷமாக சேலத்தில் என்னோடு இருக்கிறாள். சேலத்தில் அவளுக்கு முட்டி வலி, தூக்கம் இல்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் குப்பத்திலிருந்து போன் வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களாம், விமலா டீச்சர் வந்துதான் திறக்க வேண்டுமாம். அவ்வளவுதான், முட்டி வலி போன இடம் தெரியவில்லை. பரண் மேலிருந்த பையை அவளே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள்.

இந்தக் கட்டுரை முழுக்கப் பொறாமைதான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் கடைசியில் இருக்கும் வழித்தகவலை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். எனக்கு ஒரே ஒரு பயம்தான். போனவள் திரும்பி வருவாளா? அதனால் அன்று இரவே திரும்புவதற்கு இரண்டு டிக்கெட் முன்பதிவு செய்து வைத்திருந்தேன்.

வெள்ளி இரவு சேலத்தில் ஏறி, காலை ஐந்தரைக்கு சென்ட்ரலில் இறங்கினோம். பக்கத்திலேயே புறநகர் ரயில் நிலையம், நடந்தால் ஐந்து நிமிஷம். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் எண்ணூர் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது ரூபாயைத் தாண்டாது. கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், முகமெல்லாம் கரி. அம்மா ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். திருவொற்றியூர் வந்ததும் எங்கள் பழைய வாடகை வீடு இருந்த பக்கம் கூடத் திரும்பவில்லை. "தேசப்பனுக்கு ரெண்டாவதும் பொண்ணாம். மூத்தது இப்ப சென்டருக்கு வருதாம்" என்றாள். சென்டர் என்றால் அங்கன்வாடி, தேசப்பன் அங்கே அவளிடம் படித்த பையன். என் மகன் எட்டாவதா ஒன்பதாவதா என்று போன வாரம்தான் இரண்டு தடவை கேட்டாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எண்ணூர் ஸ்டேஷன் வாசலில் அந்தத் தேசப்பனே ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தான்.

"டீச்சரு! இன்னா இப்டி எளச்சிப் போய்ட்ட? சேலத்துல சோறு போட மாட்றாங்களா?"

சோறு போடுகிறவள் நான், பக்கத்தில்தான் நின்றேன். குப்பம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். மற்றவர்களுக்கு நூறு ரூபாயாவது கேட்பார்கள். நான் பர்ஸைத் திறந்ததும் அவன் பதறிப்போனான். "அய்ய, உள்ள வைங்கக்கா. டீச்சராண்ட துட்டு வாங்கனேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி வூட்டுக்குள்ள வுட மாட்டா. ஆமா, நீங்க டீச்சருக்கு இன்னா வேணும்?"

"பொண்ணு."

"அட! டீச்சருக்கு பொண்ணு கீதுன்னே எனக்குத் தெர்யாதே!"

அம்மா சிரித்தாள். நான் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குப்பம் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம் என்று நடுவில் இருக்கிறது. படகுகள், காய்கிற கருவாடு, வலை முடிகிற ஆட்கள். ஆட்டோ நிற்பதற்குள் இருபது முப்பது பேர் சூழ்ந்துவிட்டார்கள். என்னை யாரும் தள்ளவில்லை, ஆனாலும் நான் கூட்டத்துக்கு வெளியே வந்துவிட்டேன்.

அந்த இடம் எனக்குப் புதிதில்லை. குப்பத்துப் பெண்கள் விடியற்காலையிலேயே மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போய்விடுவார்கள். சென்டர் திறக்கிற நேரம் வேறு, ஆனால் பிள்ளைகள் தனியாகக் கிடக்குமே என்று அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து திறந்துவிடுவாள். தூக்கத்திலேயே என்னையும் இழுத்துக்கொண்டு வருவாள். அஞ்சு வயது வரை நானும் அங்கேதான் படித்தேன். எனக்கு மட்டும் மூன்று சட்டம். ஒன்று, மற்ற பிள்ளைகளைப் போல நானும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டாவது, சத்துமாவு உருண்டை எனக்குக் கடைசியில்தான். மூன்றாவதுதான் பெரியது, அழக்கூடாது. சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஒன்று ஆரம்பித்தால் ரூம் முழுக்க ஆரம்பித்துவிடும். "டீச்சர் பொண்ணே அழுதா மத்ததுங்கள நான் எப்படிடீ அடக்குவேன்?" என்பாள். நான் அழவே மாட்டேன். அழுகிற பிள்ளையைத்தான் அவள் இடுப்பில் தூக்கி வைத்து, முதுகில் தட்டி, "ம்ம்... ம்ம்..." என்று ராகம் போடுவாள். அந்த ம்ம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பத்து மணிக்கு ரிப்பன் வெட்டினார்கள். மஞ்சளும் பச்சையுமாகச் சுவர், சுவரில் மீனும் ஆமையும். மாலை, சால்வை, கைத்தட்டல். கன்னியம்மா என்ற மீன்கார அம்மா மைக்கைப் பிடித்தார்.

"நாங்க காசிமேட்லேந்து கூடைய தூக்கினு வர்றதுக்குள்ள எங்க புள்ளைங்களுக்கு தல சீவி, பவுடர் போட்டு, குந்த வெச்சிருக்கும் டீச்சரு. வெள்ளம் வந்தப்போ இடுப்பு தண்ணியில வந்து கணக்கு எடுத்துச்சி, எந்தப் புள்ள எந்த வூட்ல கீதுன்னு. பெத்தது நாங்க, அவ்ளோதான். வளத்ததெல்லாம் இது!"

விசில் பறந்தது. நானும் தட்டினேன். உண்மைதான், அத்தனையும் உண்மை, ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் நாலாம் வகுப்பு வரை நானே தலை சீவிக்கொண்டு கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேனே, அதை எந்த மைக்கில் சொல்வது?

பிறகு தேசப்பன் ஒரு வேலை செய்தான். "டீச்சர், நம்ப உருண்ட!" என்று கத்திக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உடனே மீசைக்காரர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். இப்போது சென்டரில் படிக்கிற வாண்டுகள் பத்துப் பதினைந்தும் நடுவே புகுந்துகொண்டன. அம்மாவோடு கடைசி வரை ஆயாவாக வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா தட்டை நீட்ட, அம்மா ஒவ்வொரு கையிலும் உருண்டை வைத்துக்கொண்டே வந்தாள். என்னையும் யாரோ பிடித்துக் கடைசியில் உட்கார வைத்தார்கள். என்னிடம் வரும்போது தட்டில் உதிர்ந்த மாவுதான் இருந்தது. அம்மா அதை வழித்து என் உள்ளங்கையில் போட்டாள். நாற்பத்து மூன்று வயதில் அந்த மாவை ஒரு துளி விடாமல் நக்கித் தின்றேன்.

பிரியாணி சாப்பிட்டு முடித்து, நாலு மணிக்கு, "கிளம்பலாமா?" என்றேன். அம்மா ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தாள். ஸ்டெல்லா அக்கா தரையைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா வீட்டு மாடி ரூம் காலியா இருக்காம். நான் இங்கயே இருந்துடறேன்மா. காலைல சென்டருக்கு ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"இருக்கேன்."

அவ்வளவு பேர் மத்தியில் நான் கத்திவிட்டேன். "உனக்கு இவங்கதான் புள்ளைங்க! நான் யாரு, பை தூக்க வந்தவளா? சேலத்துல உனக்கு என்ன கொற வெச்சேன்?" அழுகை வந்தது. சும்மா கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை.

மிச்சம் வைத்த உருண்டையைத் தின்றுகொண்டிருந்த ஒரு வாண்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீல் என்று ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தது சேர்ந்துகொண்டது. ஒரு நிமிஷத்தில் அத்தனையும் கோரஸாக அலறின. அம்மா அந்தக் காலத்தில் சொன்னது சரிதான்! எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள். தேசப்பனின் மகள் "டீச்சர்" என்று கையை நீட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மா எழுந்தாள். அந்தக் குழந்தையிடம்தான் போவாள் என்று எனக்குத் தெரியும், பந்தயம் கட்டச் சொன்னால் கட்டியிருப்பேன். ஆனால் அம்மா, குழந்தை நீட்டிய கையைத் தாண்டி, அழுகிற வரிசை முழுக்கத் தாண்டி, என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முட்டி மடங்காது, வலித்திருக்கும். என் தலையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டினாள்.

"ம்ம்... ம்ம்..."

பின்னால் பதினைந்து குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன. "ஸ்டெல்லா, அதுங்கள நீ பாரு" என்றாள் அம்மா. கையை நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் காதில் சொன்னாள். "அழற புள்ளைங்களயே பாத்துப் பாத்து, அழாத புள்ளைக்கு ஒண்ணும் வேணாம்னு நெனச்சிட்டேன்டீ."

ஊர் திரும்பியது நான் மட்டும்தான். அம்மா வரவில்லை. அவளைக் கட்டி இழுத்து வந்திருந்தால் முட்டி வலியும் கூடவே வந்திருக்கும், அவ்வளவுதான். ரயிலில் என் பக்கத்து சீட்டு காட்பாடி வரை காலி. பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. தினமும் காலையில் அந்தப் பதினைந்து பேருக்கும் அவள் தலை சீவிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: காலை வண்டியில் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மணல் சுடும். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கழிமுகத்துத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். காற்று சாம்பலோடு வருகிற நாளில் கர்ச்சீப் வேண்டும். சென்டர் நேரத்தில் உள்ளே போகாதீர்கள், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு வயதான டீச்சர் உட்கார்ந்திருந்தால், உன் பொண்ணு விசாரிச்சா என்று சொல்லுங்கள். அவளுக்கு அங்கே பெண் நிறைய, எந்தப் பொண்ணு என்று கேட்பாள். அழுத பொண்ணு என்று சொல்லுங்கள்.