அரங்கு வீட்டுக் கம்ப்யூட்டர்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். பேரம் பேசித் தலையில் கட்டுகிற சரக்கு இல்லை இது. நடந்தது 1998ஆம் வருடம் ஐப்பசியில், திருநெல்வேலி சிந்துபூந்துறையில். நடுச்சாமத்தில் அல்ல, பட்டப்பகலில். பார்த்தவன் கோமதிசங்கர். ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் விற்று, ரிப்பேரும் பார்த்தவன். அவன் பொய்யே சொல்லமாட்டான் என்று சத்தியம் செய்ய முடியாது, வியாபாரிதானே. ஆனால் வியாபாரி பொய் சொன்னால் அதில் காலணா லாபமாவது இருக்கும். இதில் அவனுக்கு நட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

பூதலிங்கம் அண்ணாச்சிக்கு அப்போது அறுபத்தாறு வயது. ஒரு காலத்தில் ஆற்றங்கரை வயலில் பாதி அந்தக் குடும்பத்துக்கு. மிச்சமிருந்தது ஒரு பெரிய வீடு, ஒரு பள்ளிக்கூடத்தின் செயலாளர் பதவி, எதிரே நிற்பவனை எடை போடுகிற கண் ஒரு ஜோடி. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் கோமதிசங்கரின் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

“முதல்ல ஒண்ணு என் வீட்டுல ஓடட்டும்வே” என்றார் அண்ணாச்சி. “ஒழுங்கா ஓடுச்சுன்னா பத்தும் உம்ம கடையிலதான்.”

ஓடத்தான் செய்தது. ஆனால் தினமும் பகல் 12.20க்கு நின்றது.

அண்ணாச்சி தன் குடும்பத்து வம்சாவளியைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டு, தினமும் பதினொன்றரைக்கு உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவார். சரியாக 12.20க்குத் திரை உறைந்துவிடும். அதுவரை தட்டியதெல்லாம் அழிந்துபோகும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. மவுஸ் நகராது. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல்.

முதல் தடவை கோமதிசங்கர் போனது மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில். கம்ப்யூட்டர் இருந்த இடத்தைப் பார்த்ததுமே அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அரங்கு என்று ஒரு அறை உண்டு. வீட்டின் நடு வயிற்றில், சன்னலே இல்லாமல், தேக்குக் கதவோடு. நகை, பாத்திரம், பத்திரம் என்று விலை கூடின பொருளெல்லாம் அங்கேதான். கம்ப்யூட்டரும் விலை கூடின பொருள். ஆகவே அதுவும் அரங்கில், சுவரோடு சுவராக. மேலே வெல்வெட் உறை வேறு.

“போர்வையப் போர்த்திக்கிட்டு வெயில்ல ஓடுன்னா, அண்ணாச்சி, நீங்க ஓடுவீயளா?”

“நான் எதுக்குவே ஓடணும்? அதுக்குத்தானே காசு குடுத்து இத வாங்கியிருக்கேன்.”

உறையைக் கழற்றினான். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தான். மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டினான். உள்ளே காற்றுக்குக் குறுக்கே கிடந்த வயர்களை ஒதுக்கிக் கட்டினான். கடைசியாக, பிராசஸர் மேலிருந்த சின்ன விசிறியை விரலால் சுண்டினான். அது சுற்றவில்லை.

நடுத்தண்டில் முடி சிக்கியிருந்தது. பைய இழுத்தான். வந்தது... வந்துகொண்டே இருந்தது. இரண்டு முழம். கருகருவென்று, தேங்காய் எண்ணெய் வாசத்தோடு.

“யார் முடி அண்ணாச்சி இது?”

“மருமவ முடியா இருக்கும்.”

அப்போதுதான் மருமகள் அனுராதா மோர் கொண்டு வந்தாள். அவள் புருஷன் மஸ்கட்டில். வீட்டில் மாமனாரும் அவளும் மட்டும்தான். பங்குனியில் திருச்செந்தூரில் மொட்டை போட்டிருந்தாள். தலையில் ஒரு விரற்கடை முடிதான் வளர்ந்திருந்தது.

கோமதிசங்கர் பார்த்தான். கேட்கவில்லை. ஆர்டர் கைக்கு வரும்வரை வியாபாரிக்கு வாயில் மோர் இருப்பதே நல்லது.

ஆகஸ்டில் மறுபடி போனான். மறுபடி முடி. விசிறியையே மாற்றிவிட்டு வந்தான்.

நவம்பரில் மூன்று நாள் அடைமழை. தாமிரபரணி செக்கச்செவேலென்று கரையை முட்டிக்கொண்டு ஓடியது. ஊரே போர்த்திக்கொண்டு கிடந்தது. அப்போதும் கம்ப்யூட்டர் 12.20க்குச் சூடாகி நின்றது. வெயில் மேல் பழி போட இனி வழியில்லை. விசிறியைத் திறந்தால் முடி... இந்தத் தடவை மூன்று முழம். ஈரமாக இருந்தது. எண்ணெய் ஈரம் இல்லை. முகர்ந்து பார்த்தான். வேர்வை.

கடைசி முயற்சியாக, காலேஜ் லேபில் வேலை பார்த்த நண்பனிடம் தெர்மாமீட்டர் இரவல் வாங்கி, பெட்டிக்குள் தொங்கவிட்டான். முதல் நாள் அனுராதாவைத் தட்டச் சொன்னான். பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை. 34 டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டாம் நாள் அவனே உட்கார்ந்தான். அதே 34. மூன்றாம் நாள் அண்ணாச்சி.

12.00 மணி... 34.

12.10... 47.

12.18... 61.

12.20. நின்றுவிட்டது.

“விசிறிய மாத்தியாச்சு. பவர் சப்ளைய மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி” என்றான் கோமதிசங்கர்.

“என்னது?”

“நீங்க.”

அனுராதா சிரித்துவிட்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“இன்னொண்ணும் சொல்லுதேன்” என்றாள் அனுராதா. “எப்பப் பாத்தாலும் மாமா இந்த வரிக்கு வரும்போதுதான் நிக்கிது.”

உறைந்த திரையில் அந்த வரி இருந்தது: ‘இளைய சகோதரர் சிவசைலம். மணமாகவில்லை.’

“உனக்கு அடுப்படியில வேலை இல்லையா?” என்றார் அண்ணாச்சி.

அவள் போய்விட்டாள். அவர் கோமதிசங்கர் பக்கம் திரும்பினார். குரலில் பழைய பண்ணையார் வந்திருந்தார்.

“கத வேண்டாம்வே. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வைக்கப்போற ரூமுக்கும் சன்னல் கிடையாது. நாளைக்கு இந்தக் கதவ அடைச்சிட்டு நான் ஒருமணி நேரம் தட்டுதேன். ஓடுச்சுன்னா அங்கயும் ஓடும், ஆர்டர் உமக்கு. நின்னுச்சுன்னா நீரும் நில்லும், வாசல்ல.”

“அடைச்சா காத்து வராது அண்ணாச்சி. கதவு திறந்திருந்தாத்தான் சூடு வெளிய போகும்.”

“முடியுமா, முடியாதா?”

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் சொல்லுவான். பத்து கம்ப்யூட்டர் கண் முன்னே வரிசையாக நின்றது.

“முடியும்” என்றான்.

மறுநாள், நவம்பர் 10. வெளியே மழை ஓயவில்லை. புது விசிறி, பெட்டிக்குப் பின்னால் இன்னொரு விசிறி. பதினொன்றரைக்கு அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்தார். கோமதிசங்கர் கதவைச் சாத்தினான். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினான். மறுபடி திறந்தது. பழைய கதவு, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“வெளிய கொண்டியப் போடும்வே. அப்பத்தான் நிக்கும்” என்றார் உள்ளே இருந்து.

வளையத்தில் இரும்புக் கொண்டியைப் போட்டான். நாற்காலி இழுத்துக் கதவுப் பக்கமே உட்கார்ந்தான். கையில் கடிகாரம்.

12.00. உள்ளே விசிறிச் சத்தம் சீராகக் கேட்டது. டக்... டக்... ஒற்றை விரல்.

12.09. டக்... டக்... டக்...

12.12. தட்டுவது வேகமானது. ஒற்றை விரல் இல்லை. பத்து விரல்.

“அண்ணாச்சி?”

விரல்கள் ஓயவில்லை.

12.14. தேங்காய் எண்ணெய் காய்கிற வாசம். அடுப்படியில் இருந்து என்று நினைத்தான். அடுப்படியில் அன்றைக்குக் கஞ்சிதான்.

12.16. கதவு தட்டப்பட்டது. உள்ளே இருந்து.

பலமாக அல்ல. தளர்ந்துபோன கை. ஒவ்வொரு தட்டுக்கும் கூடவே இன்னொரு சத்தம்...

கண்ணாடி வளையல்.

எழுந்தான். கொண்டியைப் பிடித்தான். கத்திவிட்டான். இரும்பு பழுத்திருந்தது. உள்ளங்கை பொசுங்கியது.

“அக்கா! தண்ணி கொண்டாங்க! சீக்கிரம்!”

12.18. தட்டுவது நின்றது.

ஒரு பெண் குரல். கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுவதுபோல. கோபமாக இல்லை. நிதானமாக.

“போடு... எழுது...”

12.20.

எல்லாச் சத்தமும் நின்றது.

அனுராதா செம்போடு ஓடி வந்தாள். கொண்டியில் தண்ணீரை ஊற்றினான். ஆவி வரவில்லை. தொட்டான்.

கொண்டி சில்லென்று இருந்தது.

திறந்தான்.

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தோளைத் தொட்டவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

தோசைக்கல்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி சுற்றியது. உள்ளே தெர்மாமீட்டர் 31. பெட்டி, மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது. அந்த ஆறு மாதத்தில் அது அவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை.

திரையில் அந்த வரி மாறியிருந்தது. ‘இளைய சகோதரர் சிவசைலம். மனைவி சொர்ணாம்பாள்.’

அதற்குக் கீழே பக்கம் பக்கமாக, அதே பெயர். சொர்ணாம்பாள். சொர்ணாம்பாள். சொர்ணாம்பாள்.

“யாருக்கா இது?”

“தெரியாது” என்றாள் அனுராதா. “இந்த வீட்டுல அப்படி ஒரு பேரே நான் கேட்டதில்ல.”

டாக்டர் ஞானையா வந்து பார்த்தார். தன் தெர்மாமீட்டரை உதறி உதறி மூன்று தடவை வைத்தார். பாதரசம் மேல் முனையைவிட்டு இறங்கவில்லை. வெயில் தாக்கிய சாவு என்றார். சொல்லிவிட்டு, நனைந்த தன் குடையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கூட ஆர்டரைப் பற்றிக் கோமதிசங்கர் அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்விட்டு, பாளையங்கோட்டையில் தன் வீட்டுக்கு வந்தான். அப்பா ஆவுடைநாயகம் கட்டிலில் படுத்திருந்தார். எழுபது வயது. அண்ணாச்சி குடும்பத்து வயல் கணக்கு எழுதிக் காலம் தள்ளியவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“மணி எத்தனைலே இருக்கும்?”

“பன்னெண்டு இருபது.”

“கொண்டியப் போட்டது யாரு?”

“நான்தாம்ப்பா. அவருதான் போடச் சொன்னாரு.”

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே பேசினார்.

“அவுக தம்பி கொழும்புக்குப் போனவன், வரல. ஏழு வருசம் வரல. செத்துட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாரு அண்ணாச்சி. போட்டா பங்கு இவருக்கு. அந்தப் பொம்பள போடமாட்டேன்னுட்டா. வளையலக் கழத்தமாட்டேன்னுட்டா. அன்னைக்கு எல்லாரும் வள்ளியூருக்குக் கல்யாணத்துக்குப் போனோம். சித்திர மாசம். ‘நாம வார வரைக்கும் அரங்குக்குள்ள கிடக்கட்டும், புத்தி வரும்’ன்னாரு. ரெண்டு மணிக்கு வந்திரலாம்னுதான் போனது. கார் நின்னுபோச்சு. வீடு வந்து சேர ராத்திரி எட்டு மணி. அரங்குல இருந்த கடிகாரம் பன்னெண்டு இருபதுல நின்னு கிடந்துச்சு.”

“வெளிய தெரியலையா?”

“மூச்சடைப்புன்னு சொல்லியாச்சு. நான் வாயத் திறக்கல. அவுக எனக்குச் சோறு போட்டவுக. நான் வாயத் திறக்காத நன்றிக்குத்தான் அவரு உன்னக் கூப்பிட்டு ஆர்டர் தாரேன்னது.”

கோமதிசங்கர் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது.

“அன்னைக்குக் கொண்டியப் போட்டது யாருப்பா?”

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

வெளியே மழை. சன்னல் வழியே சாரல் கட்டில் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏலே, அந்த ஃபேனப் போடு” என்றார். “காலையில இருந்து ஒரே வேக்காடா இருக்கு...”

கோமதிசங்கர் அண்ணாந்து பார்த்தான்.

ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது.