பெரட்டுக்கே தெரிந்த பாஸ்வேர்டு

இன்று காலை சுவா பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஆள் வருகையைப் பதியும் மென்பொருளை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.

திறக்கும்போதெல்லாம் அது அட்மின் அனுமதி கேட்கும். மேனேஜரின் பாஸ்வேர்டைத் தட்டினால்தான் ஓடும். பாதுகாப்புக்காக நானே அப்படி வைத்தேன்.

ஆனால் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டு நேரத்தில் மேனேஜர் தோட்டத்துக்குள் போய்விடுகிறார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி மேரி அக்கா அவரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது லா.”

லாரிச் சத்தத்துக்கு மேல் மேனேஜர் எழுத்தெழுத்தாகக் கத்தினார். கடைசி எழுத்துக்கு முன் லைன் அறுந்துவிட்டது.

சன்னலுக்கு வெளியே ஆட்களோடு நின்ற, அவர்களை வேலை வாங்கும் மண்டோர் திரும்பினார். “கடைசியில ஏழு, அக்கா!”

அக்கா தட்டினார். திறந்தது.

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றேன்.

“தெனமும் கத்துறாரே தம்பி. பெரட்டுல எல்லாருக்கும் தெரியும் லா.”

மம்பாவில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். பெயர் பதிவதற்கு அட்மின் அனுமதி எதற்கு? அதிகாரமே தேவைப்படாத வேலைக்கு அதிகாரம் கேட்க வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டேன்.

புது வெர்ஷனை நாளை அங்கே ஏற்ற வேண்டும். அதற்கு மட்டும் உண்மையிலேயே அட்மின் பாஸ்வேர்டு வேண்டும்.

மேனேஜரைக் கேட்பதா, மண்டோரையா?