லேசாகக் கேட்கிறது

அக்காவுக்கு நான் கொடுத்த முதல் பட்டியல், ரத்தான டெலிவரி சலானின் பின்பக்கத்தில் அச்செடுத்தது. திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் அந்தத் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதை அவள் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாள். சிற்றலை வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகள் எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் வரும் என்ற பட்டியல். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் வெளிநாட்டு நிலையங்கள் அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் நாட்கள். என் பிறந்தநாளை ஒருமுறைகூட நினைவு வைத்திராத அக்கா, இந்த இரண்டு ஞாயிறுகளை மட்டும் மறந்ததே இல்லை. ஒரு வாரம் முன்பே போன் வந்துவிடும். "இன்னாடா, லிஸ்டு வந்துச்சா?"

அது தானாக வந்துவிடுமா என்ன? இணையத்தில் நாலு இடத்தில் தேட வேண்டும். ஒருவர் போட்டது போன வருடத்துடையதாக இருக்கும், இன்னொருவர் போட்டதில் பாதி நிலையங்கள் விட்டுப்போயிருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் உலக நேரத்தில், எண் வரிசையில் பக்கம் பக்கமாக ஓடும். அதில் தமிழ் என்றிருக்கும் ஏழெட்டு வரிகளைப் பொறுக்கி, நம் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டி, நிலையத்தின் பெயரைத் தமிழில் எழுதி, நேரப்படி அடுக்க வேண்டும். எண்ணை முதலில் போட்டால் அவளுக்கு ஆகாது. "எத்தினி மணிக்கு யாரு பேசுவாங்க, அத மொதல்ல சொல்லு. நம்பர நான் முள்ள திருப்பிப் பாத்துக்கிறேன்" என்பாள். ஒருமுறை ஐந்தரையைக் கூட்டாமல் கழித்துத் தொலைத்தேன். மூன்று நாள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தவள், நாலாம் நாள் யார்டு வாசலுக்கே வந்து என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவளுக்கு என் கணக்கைவிடத் தன் காது மேல்தான் நம்பிக்கை.

மாமா போன பிறகு அவளுக்கு எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடி வீடும், தையலும், அந்த ரேடியோவும்தான். மகளை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்குள் பல்பு, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் இரையும் என்பதால், சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரை ஏரியலாக ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தாள். அவளுக்கு உயிரான நிலையம் ஒன்று இருந்தது. எங்கோ ஒரு தீவு நாடு. ஞாயிறு மாலைகளில் நேயர் கடிதம் படிப்பார்கள். ஒருமுறை, "இந்தியா, சென்னை, எர்ணாவூரிலிருந்து" என்று தொடங்கி அவள் பெயரை முழுதாகச் சொன்னார்களாம். குடியிருப்பில் அவள் டெய்லரக்கா, மகளுக்கு அம்மா, எனக்கு அக்கா. பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட உலகத்தில் யாரும் மிச்சமில்லை. அந்த ஒரு ஞாயிறைப் பற்றி அவள் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

நான்கு வருடம் முன்பு, அக்டோபர் பட்டியல் போடும் சமயத்தில் எனக்கு வேலை அதிகம் என்று எழுதினால் அது பொய். சோம்பல், அவ்வளவுதான். பழைய பட்டியலில் தலைப்பை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஏதோ ஞாபகத்தில் தேடிப் பார்த்தால், அந்த நிலையம் தமிழ்ப் பிரிவையே மூடியிருந்தது. இனி எந்த அலைவரிசையிலும் வராது. சொல்லிவிடலாம் என்றுதான் அந்த ஞாயிறு போனேன்.

மாடியில் அவள் ரேடியோவைக் காதோடு அணைத்துப் பிடித்து நின்றிருந்தாள். கொடியில் காய்ந்த துணிகளில் வழக்கம்போல துறைமுகத்து நிலக்கரித் தூசி. என்னைப் பார்த்ததும் ரேடியோவை நீட்டினாள். "டேய், ரெண்டு வாரமா ஒரே இரைச்சலா கீதுடா. உனுக்குக் கேக்குதா பாரு."

வெறும் இரைச்சல். அவள் முகத்தைப் பார்த்தேன். நானே கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "லேசாக் கேக்குதுக்கா."

நாலு நாளில் அலுத்து விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கோழைகள் எல்லாரும் இப்படித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது. அக்கா ரேடியோவைத் திரும்ப வாங்கி, கண்ணை இறுக மூடி, வெகுநேரம் கேட்டாள். "எனுக்கு ஒண்ணுமே கேக்கலியேடா" என்றாள். ஒவ்வொன்றாக மூடிப்போய், பட்டியலில் அப்போது அது போக இரண்டே நிலையங்கள்தான் மிஞ்சியிருந்தன, அவையும் என்றைக்கும் கரகரப்புத்தான். ஆகவே அவளுக்குச் சந்தேகம் தீர வழியில்லை. பட்டியலில் இருக்கிறது, தம்பிக்குக் கேட்கிறது. அப்படியானால் குறை எங்கே?

தெருவில் யாரோ போட்ட காது பரிசோதனை முகாமுக்குப் போய், வயதானால் கொஞ்சம் குறையும்தான் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுவந்து, காது மிஷின் மாட்டிக்கொண்டாள். அதில் அந்த இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்டது. பிறகு அவள் செவிடாகவே வாழத் தொடங்கிவிட்டாள். அளவு சொல்ல வந்த பெண்களிடம், "காது கேக்காதும்மா, எழுதிக் குடு" என்றாள். அவர்கள் வேறு டெய்லரைப் பார்த்துக்கொண்டார்கள். மகள் போன் செய்தால் எடுப்பதில்லை. மகள் என்னிடம் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். வெட்கமில்லாமல் நான் ஆறுதல் சொன்னேன்.

சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் வாய்ப்புத்தான். ஏனென்றால் அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டாள். "எனுக்குத்தான் காது பூட்ச்சு. நீ கேட்டுச் சொல்லு." அன்றிலிருந்து ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பி, லாரி வரிசைக்குள் பைக்கை நுழைத்து, அவள் மாடியில் உட்கார்ந்து இரைச்சலைக் கேட்கிறேன். அங்கே மழையாம், திருவிழாவாம், யாரோ ஒரு நேயர் பாட்டு கேட்டாராம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். அவள் தலையாட்டிக் கேட்கிறாள். நிலையத்துக்கு அவள் எழுதித் தருகிற கடிதங்கள் எல்லாம் என் அலுவலக மேஜை டிராயரில் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கவும் தைரியமில்லை, கிழிக்கவும் தைரியமில்லை.

போன ஞாயிறு கேட்டாள். "இத்தினி எழுதுறேனே, ஒண்ணாவது படிச்சாங்களாடா?"

"இன்னிக்குப் படிச்சாங்கக்கா."

"மெய்யாலுமா? பேரு சொன்னாங்களா? எப்புடி சொன்னாங்க, சொல்லிக் காட்டு."

பிறந்ததிலிருந்து அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன் நான். அவளைப் பார்த்து அந்தப் பெயரை என் வாய் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இந்தியா, சென்னை, எர்ணாவூரிலிருந்து என்று சொல்லி, அந்தப் பெயரையும் முழுதாகச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்தான் வந்தது. கீழே சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"எர்ணாவூரை இன்னா அழகா சொல்றாங்க பாரு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வியர்வையில் அரிக்கிறது என்று காது மிஷினை அவள் அன்று கீழேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் காதுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதையும் நான் சொல்லவில்லை.