துண்டுக்குள் மூணு விரல்

பிராங்க்ளின் ஆட்டுத் தரகர். வாரத்தில் வியாழக்கிழமை ஒரு நாள்தான் அவருக்கு வேலை. விடியுமுன் அய்யலூர் சந்தைக்குப் போய், விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று பேசி முடித்து, வெயில் ஏறியதும் வீடு திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் சும்மா. இந்த மனுசனிடம்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன் வளர்க்கிறது.

எங்கள் தெரு திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற வழியில் இருக்கிறது. நான் அவர் வீட்டுக்கு எதிரே மாவு அரைத்து விற்கிறவள். காலையில் நூல் மில் வேன் வந்து ஆரன் அடித்தால் பாதித் தெருப் பெண்கள் அதில் ஏறிப் போய்விடுவார்கள். பிராங்க்ளின் மனைவி மகேஸ்வரியும் போவாள். அவர் வீட்டிலிருந்து மகனைப் பார்த்துக்கொண்டார். மகன் பள்ளிக்கூடம் போனதும், வேனில் பக்கத்து சீட்டுக்காரிகள், "ஒங்க வீட்டுக்காரரு சும்மாதான இருக்காரு, எம்பிள்ளையையும் செத்த பாத்துக்கிறச் சொல்லுக்கா" என்று மகேஸ்வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைக் கேட்காமலே அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். இப்படித்தான் வீடு நிறைந்தது. வியாழக்கிழமை மட்டும் அவர் சந்தையிலிருந்து வரும்வரை அக்கம்பக்கத்துக் கிழவிகள் பார்த்துக்கொள்வார்கள்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுதான். புதிதாக ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால் முதல் வேலையாக உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். "வயசு கூட இருக்கும் போலயே தாயி" என்பார். ஒருத்தி கோபித்துக்கொண்டு, "அண்ணே, விக்கிறதுக்கா கொண்டாந்திருக்கேன்?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் பார்ப்பதை விடவில்லை, வாயைத் திறந்து சொல்வதைத்தான் விட்டார்.

சோறு ஊட்டுவதற்குத்தான் அவர் ஒரு வழி வைத்திருந்தார். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வியாபாரி கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். விரலைப் பிடித்து அமுக்கியே விலை பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு கிடக்கும்வரை தொகையை உரக்கச் சொல்லக் கூடாது, அது சந்தையின் சட்டம். இவர் அதையே வீட்டிலும் நடத்தினார். தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்புகிற பிள்ளையின் கைமேல் துண்டைப் போடுவார். எத்தனை உருண்டை என்று பிள்ளை விரலை அமுக்க வேண்டும். இரண்டு என்று அமுக்கினால் மூன்று ஊட்டுவார். தரகர் புத்தி எங்கே போகும்! ஆனால் பிள்ளைகள் சாப்பிட்டன. என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். பொறாமையாக இருந்தது.

இந்த ஏமாற்று வேலையைக் கண்டுபிடித்தவள் பொன்னழகு ஒருத்திதான். கௌசல்யாவின் மகள், மூன்று வயது. இரண்டு அமுக்கி மூன்றாவது உருண்டை வந்தால், வாயை மூடிக்கொண்டு அவரை முறைப்பாள் பாருங்கள், பெரிய மனுசியே தோற்றுப்போவாள். ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எதுவானாலும் அவளுக்குத் துண்டுதான். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பன் கைமேல் துண்டைப் போட்டு ஒரு விரலை அமுக்குவாள்.

அப்பன் விக்னேஷ்குமார் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவன். கெட்டவன் இல்லை, முன்கோபி. ஒரு புதன்கிழமை ராத்திரி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "ஆட்டுத் தரகன் எம்பிள்ளைய ஊமையாக்கிட்டான். நாளையோட மில்லுக்கு முழுக்குப் போடு. ஒழுங்கா வீட்ல இருந்து பிள்ளையப் பாரு."

கௌசல்யா காலையில் வேன் ஏறும்போது என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, அந்தாளு பிள்ளையத் தூக்கிட்டுச் சந்தைக்கே போறாராம், பிராங்க்ளின் அண்ணங்கிட்ட நியாயம் கேக்க. கைய கிய்ய நீட்டிருவாரு. நீங்களும் கூடப் போங்கக்கா."

"அது கெடக்கட்டும். நாளைக்கு வேலைக்குப் போவியா மாட்டியா?"

"அந்த மில்லுதான்க்கா எனக்கு மூச்சு விடுற எடம்" என்றாள். பஞ்சு பறக்கிற மில்லில் எங்கே மூச்சு விடுவது? ஆனால் எனக்கு அது புரிந்தது. கடையைச் சாத்திவிட்டு அவன் லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

சந்தையில் பிராங்க்ளின் தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் கிடாயைப் பிடித்தபடி மூக்கையா, விற்கிறவர். இன்னொரு பக்கம் வியாபாரி நைனா முகமது. துண்டு விழுந்து, கைகள் உள்ளே போயிருந்தன. முன்னமே பேசிய விலைக்கு மேல் இன்னும் எத்தனை நூறு கூட்டித் தருவது என்பதில் பேரம் நின்றிருந்தது.

விக்னேஷ்குமார் பிள்ளையை இறக்கிவிட்டு, "யோவ், எம்பிள்ளைய என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்று ஆரம்பித்தான். அவர் காதில் வாங்கவே இல்லை. இவனுக்கு வெறி ஏறிவிட்டது. "இன்னையோட முடிஞ்சுச்சு. எம்பிள்ளையும் ஒன் வீட்டுக்கு வராது, எம்பொண்டாட்டியும் வேலைக்குப் போக மாட்டா!" கூட்டம் கூடிவிட்டது. ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

பொன்னழகு துண்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், நேரே போய் எட்டிக் கையை உள்ளே விட்டுவிட்டாள். நைனா முகமது குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு பிராங்க்ளின் விரல்களை அமுக்கினார்; அவள் கையும் அதன்மேல்தான் இருந்தது. பிராங்க்ளின் மூக்கையா காதுப் பக்கம் சாய்ந்து, முகத்தைச் சாமியார் மாதிரி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "பாய் ரெண்டுதான் தாரேங்கிறாரு. முடிச்சிரலாம்" என்றார்.

"மூணு" என்று ஒரு குரல் கேட்டது.

யார் என்று எல்லோரும் தேடினோம். பொன்னழகு கையை வெளியே எடுத்து, மூன்று விரலை நிமிர்த்தி, பிராங்க்ளினை அதே மாதிரி முறைத்து, "மாமா பொய். மூணு" என்றாள்.

மூக்கையா கிடாயை இழுத்துக்கொண்டார். "ஏப்பா பிராங்க்ளினு, இம்புட்டு நாளும் இப்பிடித்தான் நடக்குதா?" நைனா முகமது தலையில் அடித்துக்கொண்டார். பேரம் போயிற்று, தரகு போயிற்று, சந்தை நடுவில் மானமும் போயிற்று. அந்த மனுசனோ பிள்ளையைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, "பேசிட்டா! எம்மருமக பேசிட்டா! மூணுதான் தாயி, மூணேதான்!" என்று குதித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

விக்னேஷ்குமார் பிள்ளையையே பார்த்தான். கண் நிறைந்திருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு எப்படி இறங்கி வருவான்? ஆம்பளை ஆயிற்றே.

பிராங்க்ளினுக்கு அந்த முகம் புரிந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் கைமேல் துண்டைப் போட்டார். "மாப்ள, கௌசல்யா இன்னும் எம்புட்டு நாளைக்கு வேலைக்குப் போகலாம்? உள்ள சொல்லு. ஊருக்குத் தெரிய வேணாம்."

வெகுநேரம் துண்டு அசையவே இல்லை. பிறகு லேசாக அசைந்தது. பிராங்க்ளின் தலையாட்டி, "முடிஞ்சுச்சு" என்றார். பொன்னழகு கையும் உள்ளேதான் இருந்தது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

சாயந்திரம் வேன் வந்தது. கௌசல்யா சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு செத்த முகமாக இறங்கினாள். பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அஞ்சு!" என்றது. அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை முறை சொல்ல வைத்தாள், எத்தனை முறை அழுதாள் என்று கணக்கில்லை. அப்புறம்தான் நான் சந்தைக் கதையைச் சொன்னேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்ற புருசனைப் பார்த்தாள்.

"அஞ்சுன்னா என்ன? மாசமா, வருசமா?"

அவன் பக்கத்தில் நின்ற பிராங்க்ளினைப் பார்த்தான். "துண்டுக்குள்ள நடந்தத நான் வெளிய சொல்லக் கூடாதும்மா, தொழிலாச்சே" என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

கௌசல்யா கீழே கிடந்த போசியை எடுத்துக்கொண்டாள். "சரி, நான் வருசம்னே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாளைக்கு மில்லுக்குப் போடுகிற கோட்டைத் துவைக்க உள்ளே போனாள். விக்னேஷ்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பொன்னழகு அவன் கைமேல் துண்டைப் போட்டாள்.