பூச்சி போன வழி

நாற்றுப் பறிக்க ஆள் சொல்லிக்கொண்டிருந்தபோது பாபநாசத்திலிருந்து போன் வந்தது. அமெரிக்காவில் மகனோடு இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ரூபி டீச்சர் காலையில் இறந்துவிட்டாராம். நம் சபையில் அவரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள் நிறைய. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் அவர் ஓய்வுபெற்றபின் சர்ச்சின் ஆவண அறையில் இரண்டு வருஷம் கூட இருந்து வேலை பார்த்தவள் நான்தான்.

முந்நூறு வருஷத்துக்கு முன் சீமையில் ஒரு பாதிரியார் கைப்பட எழுதி, எப்படியோ கப்பலேறி இங்கே வந்த தாள்கள் அங்கே இருந்தன. ஆத்துமா எங்கே போகிறது, வேதம் அதற்கு என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம் என்பார் டீச்சர். ஒரு புயல் மழையில் கட்டு நனைந்து தாள்கள் கலைந்துபோயின. பக்க எண்ணும் கிடையாது. அவர் படித்துப் படித்து வரிசை கண்டு அட்டவணை எழுதுவார். நான் தாள்களை நிழலில் உலர்த்தி, வசம்பு வைத்துக் கட்டி, மேலே சீட்டு ஒட்டுவேன்.

சீட்டில் நான் தப்பாக எழுதி ரப்பரைத் தேடினால், "அழிக்காதீங்க பாக்கியம். ஒரு கோடு போடுங்க போதும். எங்க தப்பினோம்னு பின்னாடி வர்றவங்க பார்க்கட்டும்" என்பார்.

கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன மகன் அவருக்கு டிக்கெட் எடுத்திருந்தான். அட்டவணையைச் சீமையில் ஒரு கல்லூரிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பாதிரியார் கடைசியில் நம்பிக்கை இழந்து எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று டீச்சர் அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்திருந்தார்.

கட்டைக் கட்டும்போது எனக்கு இடித்தது. பூச்சி துளைத்த ஓட்டை மேல் தாளில் துவரை அளவு, நடுவில் மிளகு, அடியில் கடுகு. கடைசி நாலு தாளில் மட்டும் மறுபடி மிளகு.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்த நாலும் நடுவுல வரணும்."

"எப்ப இங்கிலீஷ் படிச்சீங்க?"

"எழுத்தை எங்க படிச்சேன்? கட்டு கலையறதுக்கு முன்னாடி பூச்சி போன வழியைப் பார்த்தேன்."

மாற்றி அடுக்கினோம். டீச்சர் நின்றுகொண்டே படித்தார். வீடு திரும்புகிறவரின் சந்தோஷத்தோடு பாதிரியார் எழுதிய தாள் கடைசியாக வந்து நின்றது.

மகன் போனில் கத்தினான். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "எப்பவோ செத்த வெள்ளைக்காரனுக்காக டிக்கெட்டைத் தள்ளிப் போடுறியாம்மா?"

"அவர் நம்பிக்கையோட முடிச்சிருக்காருடா. நான் நம்பிக்கை இழந்துட்டார்னு எழுதிட்டேன்."

மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தி எழுதிவிட்டுத்தான் விமானம் ஏறினார். அச்சான அட்டவணையில் தாள்களை வரிசைப்படுத்தியவள் என்று என் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பேத்தியை விட்டுப் படித்துக் காட்டச் சொல்வேன்.

ஆனால் நான் பெட்டியில் வைத்திருப்பது அதை அல்ல. பழைய அட்டவணையின் கடைசிப் பக்கத்தை. டீச்சர் அதைக் கிழித்துப் போடவில்லை. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு என்னிடம் கொடுத்தார்.