யோகலிங்கத்தின் கால்கள்

அக்கராயன் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்கள் மத்தியில் யோகலிங்கத்தின் கால்களுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறதென்று பார்க்க மற்றவர்கள் தடியை ஊன்றி அளப்பார்கள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, மேல்வயல்காரர் யாரோ வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார் என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வயலைப் பலகையடித்து மட்டமாக்கி முடித்த பிறகும் அவர் ஒருதரம் நடந்து பார்த்துத்தான் விதைக்கச் சொல்வார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று உள்ளங்கால் சொல்லிவிடும்.

அவருடைய தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தபோது யோகலிங்கத்துக்கு எட்டு வயது. கரவெட்டியில் கிணற்றடித் தோட்டமும் மிளகாய்க் கன்றுமாக வளர்ந்த பிள்ளை. சேறு என்றால் மழைக்கு ஒழுங்கையில் தேங்குவதுதான் என்று நினைத்திருந்தான். காட்டை வெட்டி எரித்து, முதன்முதலாகத் தண்ணீர் பாய்ச்சிய வயலுக்குள் தகப்பன் அவனைத் தூக்கி இறக்கிவிட்ட நாளை அவர் இப்போதும் சொல்வார். மேலே வெதுவெதுவென்று இருந்ததாம். கணுக்கால் புதைந்ததும் அடியில் குளிர்ந்ததாம். விரல்களுக்கு இடையால் சேறு பிதுங்கி மேலே வந்த அந்தக் கூச்சத்தில் அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டு, காய்ச்சலோடு குடிலுக்குள் படுத்திருந்த தாய் எழுந்து வந்து பார்த்தாளாம்.

அதன் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தக் கால்கள் செருப்பைப் பெரிதாக மதித்ததில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் போகும்போது மட்டும் ஒரு சோடி. யுத்தம் கடைசியாக வந்தபோது, மனைவி இராசேஸ்வரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக மாறிக் கடற்கரை வரை நடந்ததும் அந்தக் கால்கள்தான். திரும்பி வந்து, ஆள் உயரத்துக்குப் பற்றை மண்டிக் கிடந்த வயலை மறுபடியும் வயலாக்கியதும் அவைதான்.

நீரிழிவு, ஊர்ப்பேச்சில் சீனி வருத்தம், இருக்கிறதென்று தெரியவந்தது அந்த மறுகுடியேற்றத்துக்குப் பிறகு சில வருடம் கழித்து. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கிளினிக்கில் தந்த குளிசையை நினைத்த நேரம் போட்டார், நினையாத நேரம் விட்டார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பதை மட்டும் மனைவிக்குத் தெரியாமல் செய்யப் பழகினார். உள்ளங்கால் எரிந்தது. பிறகு எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு ஒன்றும் இல்லை. எரிச்சல் நின்றதை வருத்தம் குறைந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டார். இராசேஸ்வரிக்கும் அப்படித்தான் சொன்னார்.

ஒரு சிறுபோகத்தின்போது நடந்தது இது. வயலிலிருந்து வந்து, கால் கழுவி, குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த இராசேஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். போன மாதம்தான் பூசிய சீமெந்து நிலம். அதில் கிணற்றடிப் பக்கத்து வாசலிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து கதிரைக்கும் ஒரு வலது கால் மட்டும் சிவப்பாகப் பதிந்து பதிந்து போயிருந்தது.

"என்னப்பா இது, காலில என்ன?"

அவர் குனிந்து பார்த்தார். வேலிக் கட்டையில் இருந்து கழன்ற ஆணி ஒன்று, தலை மட்டும் தெரிய, உள்ளங்காலில் முழுதாக இறங்கியிருந்தது.

"எனக்கொண்டும் தெரியேல்லையே," என்றார்.

அவள் அழுதது இரத்தத்தைப் பார்த்தல்ல, அந்தச் சொல்லைக் கேட்டுத்தான்.

புண் ஆறவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். அது உள்ளுக்குள்ளே பழுத்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு விரல் கறுத்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாதமே போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னதாக மகள் சிவரூபி பிறகுதான் அவரிடம் சொன்னாள். வீட்டுக்கு அனுப்பும்போது, இனி வெறுங்காலோடு நிலத்தில் அடி வைக்கவே கூடாது, சேற்றுக்குள் இறங்குவதைக் கனவிலும் நினைக்கக் கூடாது என்றார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

வயலைப் பக்கத்துக் காணித் தயாபரனுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். தயாபரன் நல்லவன், வேலைக்காரன். ஆனால் அவன் பலகையடித்த வயலைப் பார்க்க யோகலிங்கத்துக்குப் பொறுக்காது. கரையில் செருப்போடு நின்று, கிழக்கு மூலையில் பள்ளம் இருக்கிறது என்பார். தயாபரன் மட்டம் சரிதான் என்பான். முன்பென்றால் இறங்கிக் காட்டியிருப்பார். இப்போது வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு வரம்போரச் சேற்றில் ஒரு காலை வைத்தும் பார்த்தார். கால் உள்ளே போவது கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். சூடும் இல்லை, குளிரும் இல்லை. வேறு யாருடையதோ கால் போல இருந்தது.

வீட்டின் சாப்பாடு அதற்குப் பிறகு மாறியது. இராசேஸ்வரி சட்டியும் பானையுமாக வருத்தத்தோடு சண்டைக்கு இறங்கினாள். வெள்ளை அரிசி வீட்டுக்குள் வருவது நின்றது. மொட்டைக்கறுப்பன் புழுங்கல் அரிசிச் சோறு, அதுவும் அவள் அகப்பையால் ஒருதரம் போடுவதுதான். சாப்பாட்டுக் கோப்பையில் மீதி இடம் முழுக்கக் கீரையும் மரக்கறியும். இரவில் குரக்கன் என்கிற கேழ்வரகில் புட்டு. வெந்தயம் ஊறிய தண்ணீர். பாவற்காய்க் குழம்பு. முருங்கையிலை வறை. வேலியில் தானாகப் படர்ந்திருந்த குறிஞ்சாக் கொடியின் இலையை ஆய்ந்து, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்டுவாள். முதல் வாயின் கசப்புக்கு முகம் சுளித்தவர், இரண்டாவது வாயில் நிறுத்தி மென்றார். தகப்பன் காடு வெட்டிய அந்த முதல் வருடத்தில், கடை கண்ணி இல்லாத ஊரில், தாய் பற்றைக்குள் பிடுங்கி வந்து சமைத்ததும் இதே இலைகள்தான். அப்போது அது பஞ்சத்துக்குச் சாப்பாடு. குரக்கன் புட்டின் அந்தப் புழுதி வாசம் வந்தால் அவருக்குக் குடிலின் புகையும், தாயின் இருமலும், யானை விரட்டத் தகப்பன் தகரம் தட்டிய சத்தமும் சேர்ந்து வந்தன. சாப்பிட்டபடியே அவற்றையெல்லாம் சொல்வார். நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்த இராசேஸ்வரி அந்தக் கதைகளில் பாதியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

ஒவ்வொரு நாளும் பொழுது சாய முன்னர் அவர் காலை நீட்டி உட்கார, அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பாதத்தைத் தடவிப் பார்ப்பாள். விரலிடுக்கைத் துடைப்பாள். சின்னக் கீறல் என்றாலும் விடமாட்டாள். முதல் நாட்களில் அவருக்கு வெட்கமாக இருந்தது. கலியாணம் முடித்த காலத்தில்கூட அவள் அவருடைய காலை இப்படிப் பார்த்ததில்லை.

சீனி இறங்கியது. புண் இருந்த இடம் மூடிக்கொண்டது. அந்தச் சந்தோசத்தில்தான் அடுத்த பிழை நடந்தது. குறிஞ்சா இலையில் குணம் கண்டவர், அதைச் சமைத்துச் சாப்பிடுவது போதாதென்று அவித்துக் குடிக்கத் தொடங்கினார். கைநிறைய இலை, ஒரு துண்டு பாவற்காய், கொஞ்சம் நாவற்கொட்டைத் தூள். விடிய வெறும் வயிற்றில் ஒரு கோப்பை. கலியாண வீடுகளுக்குப் போகும் முன் பச்சை இலையை மென்றுகொண்டு போவார். மென்ற வாய்க்குச் சீனி மண்போல இருக்கும், பலகாரத் தட்டைப் பார்க்க ஆசை வராது. குளிசையையும் விடவில்லை. இரண்டும் சேர்ந்தால் வருத்தம் அடியோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. கிளினிக்கில் இதை அவர் சொல்லவில்லை. இலைதானே என்று இராசேஸ்வரியும் விட்டுவிட்டாள்.

ஆனி மாதம். வயலில் பூச்சி விழுந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, கஷாயத்தைக் குடித்து, குளிசையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை வந்து பார்ப்போம் என்று சைக்கிளை எடுத்தார். வரம்பில் பாதி தூரம் போனதும் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. பயிர் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வரம்பில் குந்தியவர் அப்படியே சரிந்தார்.

அவரைக் கண்டது சங்கிலி. கலவர காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்து, கூலிக்கு வயல் வேலை செய்து, பிறகு காணி எடுத்து அக்கராயனிலேயே நிலைத்துவிட்ட மனிதர். யோகலிங்கத்துக்கு இரண்டு வயது இளையவர். குளக்காட்டில் பிடுங்கிய பாலைப்பழத்தைப் பையில் போட்டுச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சங்கிலியின் மனைவிக்கும் இதே வருத்தம். அதனால் பார்த்தவுடன் சீனி இறங்கிவிட்டதென்று அவருக்கு விளங்கிவிட்டது. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, நான் பேசுறது கேக்குதா? வாயத் தொறங்க. மென்னு முழுங்குங்க."

"பழம்... எனக்குக் கூடாது," என்றார் யோகலிங்கம், நாக்குக் குழற.

"இப்ப இதுதாண்ணே மருந்து. முழுங்குங்க."

ஒவ்வொன்றாகப் பிதுக்கி வாய்க்குள் வைத்தார். அந்த இனிப்பு நாக்கில் பட்டதும் யோகலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பாடு மாறியதிலிருந்து அவர் பாலைப்பழம் தொட்டதில்லை. சிறுவயதில் ஆனி பிறந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் காட்டோரம்தான். பழத்தின் பால் பிசினாக ஒட்டி உதடு பிரிக்க முடியாமல் போகும். வாத்தியார் கேள்வி கேட்டால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான். தலையில் இருக்கிற நல்லெண்ணெயைத் தொட்டு உதட்டில் பூசிப் பிரித்துக்கொள்வார்கள். மயக்கம் தெளியத் தெளிய அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். சங்கிலி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், வயலில் நின்ற தயாபரனைக் கூப்பிட்டு, அவனுடைய மோட்டார் சைக்கிளில் அவரை நடுவில் இருத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ராஜினி என்ற தாதி, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டபோது யோகலிங்கம் இல்லை என்றார். செய்தி கேட்டு வந்திருந்த இராசேஸ்வரி அவரை ஒருதரம் பார்த்தாள்.

"இல்லைப் பிள்ளை, பொய் சொல்லுறார். ஒவ்வொரு நாளும் விடியக் குறிஞ்சா அவிச்சுக் குடிக்கிறவர். நான்தான் கொடி ஆய்ஞ்சு குடுக்கிறனான்."

ஏச்சு விழும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். வைத்தியராக இருந்த இளம்பெண் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார். இலையிலும் சீனியை இறக்குகிற குணம் இருக்கிறது, குளிசையிலும் இருக்கிறது, சாப்பிடாத வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் சீனி தலைகீழாக விழும். கூடினால் காலைத் தின்கிற வருத்தம், இப்படிக் குறைந்தால் ஒரு பொழுதிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். கறியாகச் சாப்பிடுவதைத் தடுக்கவில்லை. கஷாயத்தை நிறுத்தச் சொன்னார். எதைப் புதிதாகத் தொடங்குவதென்றாலும் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும், வெளியே போகும்போது சட்டைப்பையில் இனிப்பு ஒன்று இருக்க வேண்டும் என்றார். சீனி வருத்தக்காரனுக்கு இனிப்புக் கொண்டு திரியச் சொல்கிறார்களே என்று யோகலிங்கம் வழியெல்லாம் சொல்லிச் சொல்லி வந்தார்.

அதன் பிறகு அவர் குளிசையை நேரம் தவறவிட்டதில்லை. குறிஞ்சா கிழமைக்கு ஒருநாள் சுண்டலாக மட்டும் வருகிறது. கஷாயம் வைத்த சட்டியில் இராசேஸ்வரி இப்போது கோழிக்குத் தவிடு குழைக்கிறாள். மேட்டுக்காணியில் இருந்த பற்றையை வெட்டிக் குரக்கன் போட்டார்கள். அது காய்ந்த நிலத்துப் பயிர், சப்பாத்துப் போட்டுக்கொண்டே வேலை செய்யலாம். அறுப்பு நாளில் குரக்கன் கதிர்களை வெட்டி எடுத்து வந்து உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு மணிகளைத் தடவிப் பார்த்தார். கைக்கு எல்லாம் தெரிந்தது. நெடுநேரம் அப்படியே தடவிக்கொண்டு நின்றார்.

சென்ற வருடத்திலிருந்து பின்னேரங்களில் குளக்கட்டில் நடக்கிறார்கள். முதலில் அவரும் இராசேஸ்வரியும்தான். பிறகு சங்கிலி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அநேகம்பேர் அந்தக் குளத்தோடு சேர்ந்து வளர்ந்தவர்கள். எல்லாருக்கும் சீனி. எல்லார் காலிலும் செருப்பு. நடக்கிற நேரம் முழுக்கக் கதை சாப்பாட்டைப் பற்றித்தான். எருமைத் தயிருக்கு மேல் தேன் விட்டது, பொங்கல் பானையின் அடிப்பிடித்த கட்டிக்கு அடிபட்டது, தோட்டத்து லயத்து வீட்டில் சங்கிலியின் தாய் கருப்பட்டி போட்டு ஆற்றித் தந்த சாயத் தண்ணி. சாப்பிட முடியாததையெல்லாம் வாயால் சாப்பிட்டு முடிக்கிறார்கள். தண்ணீர்ப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது.

ஒரு பின்னேரம் கட்டு வளைகிற இடத்தில் யோகலிங்கம் மூச்சு வாங்க நின்றார்.

"இஞ்சாரும், கொஞ்சம் மெல்ல நடவுமன்."

"நீங்கள் கதையைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு இராசேஸ்வரி முன்னால் நடந்தாள்.