திறமை தேவையில்லை என்று எழுதியவர்

அந்த மனிதர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பதெல்லாம் படித்தவர்கள் வேலை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இன்றைக்குப் பம்பாயில், செம்பூரில் குழாய்ச் சாமான் கடை இரண்டு எனக்குச் சொந்தம். என் கடையில் உட்கார்ந்து எழுதுகிறவன் பி.காம். நான் சொல்வேன், அவன் எழுதுவான். இதை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. அவன் எழுதினால் கோபத்தைக் குறைத்துவிடுவான்.

அறுபதுகளில் நான் முனிசிபாலிட்டியில் சாவிவாலா. பம்பாயில் அந்தப் பெயரைச் சொன்னால் பால்காரனுக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தெருவுக்கு அடியில் போகிற பெரிய குழாய்களில் ஆங்காங்கே வால்வு இருக்கும். அதற்கு மேலே இரும்பு மூடி போட்ட குழி. மூடியைத் தூக்கி, நெஞ்சு உயரம் இருக்கும் இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போகும். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். அதனால் எங்களுக்குப் பார்ட் டைம் என்று பெயர். மற்ற நேரத்தில் தாராவித் தோல் மண்டியில் மூட்டை தூக்கினேன்.

என் பொறுப்பில் மூன்று வால்வு. ஒரே பெரிய குழாயிலிருந்து ஒன்று தாராவிக்குப் பிரியும், இரண்டு மாதுங்காவுக்கு. தாராவி பள்ளம். தண்ணீர் மனிதரைப் போல இல்லை, பள்ளத்தில் இருப்பவனைத்தான் முதலில் போய்ப் பார்க்கும். தாராவி வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் மாதுங்காவில் மூன்றாம் மாடிக்குச் சொட்டு ஏறாது. ஆகையால் எதை முதலில் திறப்பது, எத்தனை திருகல், எவ்வளவு நேரம் விட்டு அடுத்ததற்குப் போவது என்று ஒரு கணக்கு உண்டு. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. அது எந்தக் காகிதத்திலும் கிடையாது. எனக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவன் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைப் பார்க்கப் போய்விட்டான். நான்தான் சாவியின் பிடியில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுப் பிடித்தேன். குழாய் நிறைந்து ஓடினால் ஒரு சத்தம், காற்றும் கலந்து ஓடினால் வேறு சத்தம். அந்த வார்டில் என் காதுக்கு நிகரான காது இருந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பார்ட் டைம்காரர்களின் சம்பளமும் வேலைப் பெயரும் எந்தக் காலத்திலோ போட்டது, இனிமேல் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. பள்ளிக்கூடம் கூட்டுகிறவர்கள், மார்க்கெட் கதவு பூட்டுகிறவர்கள், சாவிவாலாக்கள், எல்லோரையும் இரண்டாகப் பிரிப்பார்களாம். திறமை வேண்டிய வேலை என்று எழுதப்பட்டால் கிரேடு உண்டு, லீவு உண்டு, வருஷா வருஷம் கூடும், யாரும் நிறுத்த முடியாது. திறமை வேண்டாத வேலை என்றால் கேஷுவல். மழை பிடித்ததும் ‘போய் வா’ என்று சொல்லிவிடலாம். என் மனைவி அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிரசவம் சரியாக மழைக் காலத்தில் வருகிறது. எனக்கு அந்தக் கிரேடு வேண்டும். அதில் பேச்சே இல்லை.

வேலையை விசாரித்து எழுத வந்தவர் மாதுங்காவில் குடியிருந்த ஒரு தமிழ்க் குமாஸ்தா. தமிழர் என்றதும் நான் சந்தோஷப்பட்டேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அவர் ஒரு குழியைக்கூட வந்து பார்க்கவில்லை. வார்டு ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எங்களை வரிசையில் நிறுத்தினார். என் முறை வந்தது.

“ஒனக்கென்னப்பா வேலை?”

“சாவிவாலா சார். மூணு வால்வு பாக்குதேன்.”

“திறக்கறது, மூடறது.”

“அது மட்டுமில்ல சார். எது எத்தன திருகல்னு ஒரு கணக்கு இருக்கு. சத்தத்தக் கேட்டு...”

“நேக்கு நாழியாறது. திறக்கறதுக்கும் மூடறதுக்கும் என்ன கணக்கு, என்ன சத்தம்! ஒரு கொரங்கைப் பிடிச்சு அந்தக் குழியாண்ட கட்டிப் போட்டா அதுவும் திருகும். அடுத்த ஆள்!”

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குப் பின்னால் நின்ற ஆறு சாவிவாலாக்களும் சிரித்தார்கள். அடுத்த குரங்கு தாங்கள்தான் என்று அவர்களுக்கு உறைக்கவில்லை.

பட்டியல் தயாரானதும் பியூனுக்கு டீ வாங்கிக் கொடுத்து என் படிவத்தின் கார்பன் நகலை வாங்கினேன். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த எங்கள் ஊர்ப் பக்கத்து பாய் ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியும். அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“திறக்கது, மூடுது. தெறமை தேவையில்ல. கேஷுவல். இவ்வளவுதாம்வே எழுதிருக்கு.”

“இன்னொரு தடவ வாசிங்க பாய்.”

“எத்தன தடவ வாசிச்சாலும் இதான்வே இருக்கும். கீழ கையெழுத்து போட்டிருக்கான். நல்ல கையெழுத்து.”

வீட்டுக்குப் போனால் குரங்குக் கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. என் மனைவி சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: “கொரங்குக்கு வாழைப்பழம் வாங்கி வைக்காமப் போய்ட்டனே. வயித்துல இருக்கதுக்கு வாலு இருக்குமான்னு பக்கத்து வீட்டுக்காரி கேக்கா.” சொல்லும்போது சிரித்தாள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் முடிவு செய்தேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்வது.

மறுநாள் காலை மூன்று வால்வையும் கடைசித் திருகல் வரை திறந்தேன். கணக்கு இல்லை, காது இல்லை. திறப்பது. இரண்டு மணி நேரம் பீடி குடித்தேன். மூடுவது. வீட்டுக்குப் போனேன்.

தாராவிப் பொதுக்குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. குடத்தை வைத்தால் குடம் உருண்டது. “என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கடலத் திறந்து விட்டுட்டீயளா?” என்று பெண்கள் கூவினார்கள். அத்தனை பேரும் அன்றைக்குச் சண்டை இல்லாமல் தண்ணீர் பிடித்தார்கள். மாதுங்காவில் கீழ்வீட்டுக்காரர்களுக்கு நூல் மாதிரி வந்தது. குமாஸ்தா இருந்தது மூன்றாம் மாடி. எனக்கு அது தெரியும். அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குழாய் எப்படி இருமும் என்று எனக்குத் தெரியும்.

மற்ற வீட்டாரும் கஷ்டப்பட்டார்கள், உண்மைதான். அவர்களில் ஒருவராவது அத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்ததில்லை, அதுவும் உண்மை. ஒரே ஒரு கைக்குழந்தைக்காரிக்காக மனது கேட்கவில்லை. தாராவியிலிருந்து இரண்டு குடம் சுமந்துகொண்டு போய் அவள் வாசலில் இறக்கினேன். அவளுக்கு எதிர்வாசல் குமாஸ்தாவுடையது. அவர் கதவு திறக்கிற வரைக்கும் நின்று, அவர் பார்க்கும்படியாக இறக்கினேன்.

நான்காம் நாள் காலையில் குழிக்கே வந்தார். சவரம் இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. குளிக்காமல் விபூதி இட்டுக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது.

“ஏம்ப்பா, ஜலமே ஏறலையே. என்ன பண்ணித் தொலைச்சே?”

“ஒண்ணும் பண்ணல சார். திறந்தேன். அடுத்தாப்புல மூடணும்.”

“முன்னே மாதிரி திறக்க வேண்டியதுதானே?”

“முன்ன மாதிரின்னா எப்படி சார்? நீங்க சொல்லுங்க, அப்படியே திருகுதேன்.”

“அது நேக்கு எப்படித் தெரியும்?”

“கொரங்குக்கு மட்டும் தெரியுமா சார்?”

அவர் முகம் போன போக்கை நான் விலை கொடுத்து வாங்கியிருப்பேன். சாவியை அவர் பக்கம் சாய்த்து, “வாங்க, நீங்களே திருகிப் பாருங்க” என்றேன். பிடித்தார். வேட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூச்சு முட்டத் திருகினார். மூடுகிற பக்கமாகத் திருகியிருக்கிறார். கீழ்வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நூல் தண்ணீரும் நின்றது. பால்கனியிலிருந்து ஒரு மாமி அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

புகார் மேலே போய், மராத்திக்கார என்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கினார். “யே க்யா தமாஷா ஹை?” என்று கத்தினார், என்ன கூத்து இது என்று. நான் தொப்பிக்குள்ளிருந்து கார்பன் நகலை எடுத்துக் கொடுத்து, காகிதத்தில் எழுதியதைத்தான் செய்கிறேன் சாப் என்றேன். அவர் படித்தார். கோபம் குறையவில்லை. நாளையிலிருந்து வேறு ஆள் திறப்பான், நீ வராதே என்றார். சாவியை அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தேன்.

“வேல போச்சா?” என்றாள் மனைவி.

“போகல. கூப்பிடுவான்.”

“கூப்பிடலன்னா?”

இரண்டு நாள் தோல் மண்டியில் இரண்டு ஆள் வேலை பார்த்தேன். வேறு வார்டிலிருந்து நிரந்தரக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து திருகவைத்தார்கள். முதல் நாள் தாராவி காய்ந்தது. இரண்டாம் நாள் மாதுங்காவில் கீழ்வீட்டு முற்றங்கள் நிரம்பின, மேல்மாடி அப்போதும் காய்ந்தது. மூன்றாம் நாள் பியூன் மண்டிக்கே ஓடி வந்தான். “சாப் கூப்பிடுறார்.”

மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, முகம் கழுவி, அவசரமில்லாமல் போனேன். குழியருகே என்ஜினீயர், குமாஸ்தா, வேடிக்கை பார்க்க அரைத் தெரு. நான் திறந்து காட்டினேன். முதலில் மேட்டு வால்வு, பிறகு நடு வால்வு, கடைசியில் தாராவி. என்ஜினீயரின் காதைச் சாவிப் பிடியில் வைக்கச் சொன்னேன். “இப்ப காத்து. இப்பவும் காத்து. இப்ப தண்ணி.” அவர் குனிந்தபடியே வெகுநேரம் கேட்டார். மூன்றாம் மாடியில் யாரோ “வந்துடுத்து, வந்துடுத்து!” என்று கத்தினார்கள். குமாஸ்தாவின் மனைவிதான்.

என்ஜினீயர் நிமிர்ந்து குமாஸ்தாவிடம் புதுப் படிவம் எழுதச் சொன்னார். ஆபீசில் இல்லை, இங்கேயே. அவர் குழியோரத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினார். நான் தமிழில் சொன்னேன், அவர் இங்கிலீஷில் எழுதினார். இரண்டு வரியில் முடியக்கூடியதை நான்கு பக்கத்துக்கு இழுத்தேன். மூடியை எந்தக் கையால் தூக்குவது, மழையில் குழிக்குள் பாம்பு கிடந்தால் என்ன செய்வது, எல்லாம் சொன்னேன். வெயில் ஏறியது. அவர் கழுத்திலிருந்து வியர்வை காகிதத்தில் விழுந்தது. “அழிஞ்சு போச்சு சார், அந்த வரிய மறுபடி எழுதுங்க” என்றேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எது எத்தனை திருகல் என்பது. அவர் கேட்கவும் இல்லை.

கிரேடு வந்தது. திறமை வேண்டிய வேலை என்று எனக்கும், சிரித்த அந்த ஆறு பேருக்கும். மழையோடு மகனும் பிறந்தான்.

குமாஸ்தாவும் சும்மா இருக்கவில்லை. கிரேடு உள்ளவனை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விதியில் ஒரு வரியைத் தேடிப் பிடித்து, என்னைச் செம்பூருக்கு மாற்றுவதற்குக் குறிப்பு எழுதினார். உத்தரவு வந்தது. போனேன். நான் போனால் கணக்கும் என்னோடு போய்விடும் என்பதை அவ்வளவு படித்த மனிதர் யோசிக்கவில்லை.

பத்து நாள் தாங்கினார். ஒரு சாயங்காலம் குடையோடு, கையில் ஒரு பொட்டலம் மிட்டாயோடு செம்பூரில் என் குழியருகே வந்து நின்றார்.

“கொழந்தை பொறந்திருக்காமே. க்ஷேமமா?”

“வாலு இல்ல சார். நல்லாப் பாத்துட்டோம்.”

விழுங்கிக்கொண்டார். “பழசையெல்லாம் விடுங்கோ. ஆத்துல எல்லாரும் என்னைத்தான் வையறா. எத்தனை திருகல்னு மட்டும் புது ஆள்ட்ட சொல்லிடுங்கோ.” குரங்கு ‘விடுங்கோ’ ஆகியிருந்தது.

“வாயால சொன்னா வராது சார். ஆளு வேணும்.”

“அப்போ ஒங்க மாத்தலை ரத்து பண்ணச் சொல்லி நானே நோட் எழுதிடறேன்.”

“எழுதுங்க.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். இவருடைய திறமை மாதுங்காவுக்கு அவசியம் தேவை, உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று வாசித்தார். காதில் சரியாக விழவில்லை என்று இன்னும் இரண்டு முறை வாசிக்கவைத்தேன். டீக்கடைக்காரனும் கேட்டான். பிறகு காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

“நல்லா எழுதிருக்கீய சார். ஆனா நான் வரல. செம்பூர்ல புதுசு புதுசா பில்டிங் கட்டுதான். எனக்கு இங்க சோலி இருக்கு.”

மழையில் குடையை விரிக்க மறந்து பஸ்ஸுக்குப் போனார். மிட்டாயை டீக்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் புதுக் கட்டடங்களுக்குக் குழாய் போட்டுத்தான் நான் இன்றிருக்கும் நிலைக்கு வந்தேன். அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் அவர் தண்ணீருக்காகவே காட்கோபருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வார்டில் திருத்தியது போல அந்தப் பக்கம் யாரும் படிவத்தைத் திருத்தவில்லை. குமாஸ்தா முதலில் எழுதிய வரியையே நகலெடுத்து அங்கே இருந்த சாவிவாலாக்களையெல்லாம் கேஷுவலில் போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய் அவர் தெருவின் சாவிவாலாவைக் கண்டுபிடித்தேன். இருவரும் டீ குடித்தோம். அவனை நான் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ‘திறமை தேவையில்லை’ என்று எழுதிய மனிதர் எந்த வீட்டில், எத்தனையாவது மாடியில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.